டச்சுக் கவிதை விருதுகள்: எந்தப் பட்டியலை நம்பி வாசிப்பது?

கேள்வி – பொருநை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊரில் ஒரு சிறிய வாசிப்பு வட்டம் நடக்கிறது. ஆண்டுக்கு ஒரு மொழியை எடுத்துக்கொண்டு, அதன் கவிஞர்களுள் ஆறு பேரை ஆங்கில மொழிபெயர்ப்பின் வழியாக வாசித்துப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு டச்சு மொழியைத் தேர்ந்தெடுத்தோம். அறிமுகமில்லாத மொழியில் யாரிடமிருந்து தொடங்குவது என்று தெரியாதபோது விருதுப் பட்டியல்களைப் புரட்டுவதுதான் பலரும் செய்வது. நானும் அதைத்தான் செய்தேன். ஆனால் புரட்டப் புரட்டத் தெளிவு வருவதற்குப் பதிலாகக் குழப்பமே கூடியிருக்கிறது.

பி.சி. ஹோஃப்ட் விருதுதான் அங்கே மிகப் பெரியது என்று நண்பர் ஒருவர் சொன்னார். அதன் பட்டியலில் கவிஞர்களோடு நாவலாசிரியர்களும் கட்டுரையாளர்களும் கலந்திருக்கிறார்கள். கவிஞர்களை மட்டும் பிரித்தெடுத்துப் பார்த்தால் 1979இல் இடா கெர்ஹார்ட், 1982இல் வசாலிஸ் என்று மூன்றாண்டுக்கு ஒருவராகச் சீராக வருகிறார்கள். அடுத்து 1985இல் ஒருவர் வந்திருக்க வேண்டும். ஆனால் 1988இல்தான் ருட்கர் கோப்லண்ட் வருகிறார். அந்த 1985 எங்கே போயிற்று? வி.எஸ்.பி. கவிதை விருது என்று இன்னொரு பட்டியல் 1994இல் ஹ்யூகோ கிளாவ்ஸில் தொடங்கி 2018இல் சட்டென்று நின்றுவிடுகிறது. அது ஏன்?

இவற்றையெல்லாம்விட என்னை உறுத்துவது வேறொன்று. ராட்னா ஃபாபியாஸ் என்ற கவிஞரின் ஒரே தொகுப்பு 2018, 2019 ஆகிய இரண்டு ஆண்டுகளுக்குள் நான்கு விருதுகளைப் பெற்றிருக்கிறது. அது அவ்வளவு பெரிய நூலா, அல்லது நடுவர்கள் எல்லோரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களா? பரிசுத்தொகையை அளவுகோலாகக் கொள்ளலாமா என்றால், ஒன்றில் 60,000 யூரோ, மற்றொன்றில் 1,200 யூரோ என்று மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது. விவரம் அறிந்தவர்கள் வழிகாட்டினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில் – லெய்டன் கயல்

ஐயா, வணக்கம். பல ஆண்டுகளாக இங்கே வசிப்பவள் என்பதால் எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன். இந்த விருதுகளை ஒரே பட்டியலின் மேல்படி, கீழ்ப்படி என்று பார்ப்பதிலிருந்துதான் குழப்பம் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். ஒவ்வொரு விருதும் வேறொன்றை எடைபோடுகிறது. பி.சி. ஹோஃப்ட் விருது ஒருவர் வாழ்நாள் முழுவதும் எழுதியவற்றை எடைபோடுகிறது. வி.எஸ்.பி. விருது அந்த ஆண்டில் வந்த ஒரு தொகுப்பை எடைபோட்டது. நீங்கள் குறிப்பிடும் 1,200 யூரோ, சி. புடிங் விருதுக்கானது. 1988 முதல் ரோட்டர்டாமின் சர்வதேசக் கவிதை விழாவில் வழங்கப்படும் அவ்விருது, டச்சு மொழியில் வெளியான சிறந்த முதல் தொகுப்புக்கு மட்டுமே உரியது. தொகை சிறியதென்று அதைக் கழித்துவிடாதீர்கள். 1992இல் அன்னா எங்க்விஸ்ட், 1999இல் இல்யா லெயோனார்ட் பெய்ஃபர், 2011இல் லீக்க மார்ஸ்மன், 2016இல் ரெய்னவெல்ட் என்று, பின்னாளில் பெயர் பெற்ற பலரை முதல் நூலிலேயே அடையாளம் கண்டது அதுதான். ரெய்னவெல்ட் 2020இல் நாவலுக்காகச் சர்வதேச புக்கர் பரிசு பெற்றபோதுதான் உலகம் அந்தப் பெயரைக் கேட்டது. ரோட்டர்டாமில் அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே கேட்டுவிட்டார்கள்.

இனி 1985. அந்தக் கதையைச் சற்று விரிவாகச் சொல்வது அவசியம், ஏனென்றால் இன்று அந்த விருது இயங்கும் முறையே அதிலிருந்து பிறந்தது. பதினேழாம் நூற்றாண்டின் கவிஞரும் நாடகாசிரியரும் வரலாற்றாசிரியருமான ஹோஃப்ட் இறந்த முந்நூறாவது ஆண்டான 1947இல், நெதர்லாந்து அரசு தன் பெயரால் நடத்தும் இலக்கிய விருதாக இதை நிறுவியது. நடுவர் குழு பரிந்துரைக்கும், துறை அமைச்சர் கையொப்பமிடுவார், அவ்வளவுதான். 1984ஆம் ஆண்டு கட்டுரை எழுத்துக்கான முறை வந்தது. நடுவர்கள் ஹ்யூகோ பிராண்ட் கோர்ஸ்டியஸைத் தேர்ந்தெடுத்தார்கள். பல புனைபெயர்களில் பத்தி எழுதியவர் அவர். அமைச்சர்களையும் அரசியல்வாதிகளையும் ஈவிரக்கமின்றிக் கிண்டல் செய்தவர். அன்றைய அமைச்சர் எல்கோ பிரிங்க்மன், இவர் பிறரைப் புண்படுத்துவதையே ஒரு கருவியாக ஆக்கிக்கொண்டவர் என்று காரணம் கூறி விருதை வழங்க மறுத்துவிட்டார்.

எழுத்தாளர்கள் கொதித்தெழுந்தார்கள். அரசைப் பழித்தவருக்கு அரசு விருதில்லை என்றால், அதன்பின் அவ்விருதைப் பெறுகிறவர் அரசுக்கு உவப்பானவர் என்று பொருளாகிவிடாதா என்பதுதான் அவர்களுடைய வாதம். 1984, 1985, 1986 ஆகிய மூன்று ஆண்டுகளும் விருது வழங்கப்படவில்லை. பின்னர் அமைச்சரின் கைக்கு எட்டாத ஓர் அறக்கட்டளையிடம் விருது ஒப்படைக்கப்பட்டது. அந்த அறக்கட்டளை 1987இல் செய்த முதல் வேலை, அதே பிராண்ட் கோர்ஸ்டியஸுக்கு விருதை வழங்கியது. ஆகவே நீங்கள் தேடும் 1985, கவிதையின் முறை வந்திருக்க வேண்டிய ஆண்டு. கட்டுரையாளருக்கும் அமைச்சருக்கும் நடந்த சண்டையில் பலியானது கவிதையின் முறை. கட்டுரையாளருக்கு மூன்று ஆண்டு கழித்தாவது விருது வந்து சேர்ந்தது. 1985இல் பெற்றிருக்க வேண்டிய கவிஞர் யாரென்று யாரும் கேட்டதாகக்கூடத் தெரியவில்லை.

இன்று அதன் தொகை 60,000 யூரோ. உரைநடை, கட்டுரை, கவிதை என்று முறைவைத்துச் சுற்றி வருவதால் ஒரு கவிஞருக்கான வாய்ப்பு மூன்றாண்டுக்கு ஒருமுறைதான் வரும். ஹோஃப்ட் மறைந்த மே 21ஆம் தேதியை ஒட்டி, தி ஹேக் நகரத்தின் இலக்கிய அருங்காட்சியகத்தில் விழா நடைபெறும்.

வி.எஸ்.பி. விருது நின்றதற்கு இத்தகைய வீரக்கதை எதுவும் இல்லை. பழைய சேமிப்பு வங்கிகளின் வழிவந்த ஓர் அறநிதியம் 25,000 யூரோவுடன் அதை நடத்திவந்தது. 2018இல் யோஸ்ட் பார்ஸுக்கு வழங்கியதோடு விலகிக்கொண்டது. அடுத்த ஆண்டே கவிதை அமைப்புகள் கூடி அதே தொகையில் ‘பெரும் கவிதை விருது’ என்ற ஒன்றைத் தொடங்கின. அதை முதலில் பெற்றவர் நீங்கள் கேட்ட ராட்னா ஃபாபியாஸ். எனவே நீங்கள் அந்த இரண்டு பட்டியல்களையும் ஒட்டவைத்து ஒன்றாகவே வாசிக்கலாம்.

ஃபாபியாஸ் பற்றிய ஐயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். குராசாவ் தீவில் பிறந்த அவருடைய ‘ஹாபிடஸ்’ 2018இல் வெளியான முதல் தொகுப்பு. முதல் நூலுக்கான புடிங் விருது, விமர்சகர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் அவாட்டர் விருது, பெல்ஜியத்தின் டச்சு பேசும் பகுதியான ஃபிளாண்டர்ஸில் வழங்கப்படும் ஹெர்மன் டி கோனிங்க் விருது, பெரும் கவிதை விருது ஆகிய நான்கையும் அது பெற்றது. நான்கும் வெவ்வேறு முறையில், இரண்டு நாடுகளில் தேர்ந்தெடுக்கப்படுபவை. ஒரே திண்ணை என்று சொல்ல முடியாது. நூலின் முதற்பகுதி தென்னந்தீவின் காட்சியில் தொடங்குகிறது. மூன்றாம் பகுதியின் தலைப்போ, குடியேறியவர்களின் ஒருங்கிணைப்புத் தேர்வு தொடர்பான அரசுக் கோப்புகளில் வரும் ஒரு வறட்டுச் சொற்றொடர். தீவிலிருந்து அலுவலக மேசை வரையிலான அந்தத் தூரத்தை ஒரே தொகுப்பில் கடந்ததுதான், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நான்கு குழுக்களையும் ஈர்த்திருக்க வேண்டும்.

பதில் – பழஞ்சுவடி

கயல் அவர்கள் சொன்ன 1984ஆம் ஆண்டுக் கதையின் பக்கத்தில் இன்னொன்றை வைத்துப் பார்க்க வேண்டும். அதே விருது, அரசே வழங்கிய காலத்தில், 1949ஆம் ஆண்டுக்காக கெரிட் ஆக்டர்பெர்க் என்ற கவிஞருக்குக் கிடைத்தது. அவர் 1937இல் தாம் குடியிருந்த வீட்டுக்காரப் பெண்மணியைச் சுட்டுக் கொன்றவர். நீதிமன்ற ஆணைப்படி மனநலக் காவலில் வைக்கப்பட்டவர். இறந்துபோன பெண்ணைச் சொற்களால் மீட்டெடுக்கத் திரும்பத் திரும்ப முயலும் அவருடைய கவிதைகளை, அந்தக் கொலையை மறந்துவிட்டு வாசிப்பது எளிதன்று. ஆனால் நடுவர்கள் கவிதையை மட்டுமே பார்த்தார்கள், அரசும் ஏற்றுக்கொண்டது. ஆளைக் கொன்றவரின் கவிதைக்கு ஒப்புதல் தந்த அதே இருக்கை, முப்பத்தைந்து ஆண்டுகளுக்குப் பின் சொல்லால் குத்தியவருக்கு ஒப்புதல் தர மறுத்தது. எது இலக்கியத் தகுதி, எது நன்னடத்தைச் சான்றிதழ் என்ற குழப்பம் அரசு வழங்கும் எந்த விருதிலும் ஒருநாள் தலைதூக்கியே தீரும்.

நகராட்சிகளும் இதற்கு விலக்கல்ல. ஐம்பதுகளின் புதுக்கவிஞர் அணிக்கு முன்னோடியாக நின்ற லூசெபெர்ட்டுக்கு ஆம்ஸ்டர்டாம் நகராட்சி கவிதைப் பரிசை அறிவித்தது. 1954இல் அதைப் பெற்றுக்கொள்ள, அவர் அந்த அணியின் பேரரசராகத் தம்மை அலங்கரித்துக்கொண்டு, நண்பர்கள் பரிவாரமாகச் சூழ, விழா நடந்த நகர அருங்காட்சியகத்துக்கு வந்தார். உள்ளே விடவில்லை. காவலர்கள் தலையிட்டார்கள். பரிசுக்குரியவர் வாசலில் தள்ளுமுள்ளில் நிற்க, பரிசு உள்ளே இருந்தது. பதின்மூன்று ஆண்டுகள் கழித்து, 1967இல், அவருக்கே பி.சி. ஹோஃப்ட் விருதும் கிடைத்தது.

யான் காம்பெர்ட் விருதையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பின்போது, சுட்டுக்கொல்லப்படவிருந்த பதினெட்டுப் பேரின் குரலில் ஒரு கவிதை எழுதியவர் அவர். 1943இல் நொயன்காம முகாமில் இறந்தார். அந்தக் கவிதையை இரகசியமாக அச்சிட்டு விற்ற பணம், யூதக் குழந்தைகளை ஒளித்துவைத்துக் காப்பதற்குச் சென்றது. இன்று நாட்டின் பெரிய பதிப்பகங்களுள் ஒன்றாக விளங்கும் டி பேசிக பெய் அந்த அச்சுத்தாளிலிருந்துதான் தொடங்கிற்று. போருக்குப் பிறகு தி ஹேக் நகரில் அவர் பெயரால் அறக்கட்டளை அமைந்தது. அது வழங்கும் கவிதைப் பரிசை 1956இல் பெற்றவர்களுள் ஒருவர் ரெம்கோ காம்பெர்ட், யான் காம்பெர்ட்டின் மகன். தந்தை முகாமில் இறந்தபோது மகனுக்கு வயது பதின்மூன்று.

பதில் – வழிப்போக்கன் கு.

மேலே எழுதியவர்கள் விருதுகளின் வரலாற்றை அழகாகச் சொன்னார்கள். ஆனால் கேட்டவரின் கேள்வி எதை நம்பி வாசிப்பது என்பது. அதில் நான் கயல் அவர்களோடு சற்று மாறுபடுகிறேன்.

தொகுப்புக்கான விருதை வழிகாட்டியாகக் கொள்வதில் ஒரு சிக்கல் இருக்கிறது. 2017இல் வி.எஸ்.பி. விருது ஹன்னா வான் பின்ஸ்பெர்கனுக்குக் கிடைத்தது. அது அவருடைய முதல் தொகுப்பு, அவருக்கு வயது இருபத்து மூன்று. 2018இல் யோஸ்ட் பார்ஸ், அதுவும் முதல் தொகுப்பு. 2019இல் ஃபாபியாஸ், அதுவும் முதல் தொகுப்பு. மூன்று ஆண்டுகள் தொடர்ந்து, நாட்டின் மிகப் பெரிய தொகுப்பு விருது அறிமுக நூல்களுக்கே போயிருக்கிறது. ஒவ்வொரு தேர்வையும் தனித்தனியாக எடுத்துப் பார்த்தால் நியாயம் சொல்லலாம். மூன்றையும் சேர்த்துப் பார்க்கும்போது, நடுவர்களுக்குப் புதிய குரலைக் கண்டுபிடித்தவர்கள் என்ற பெயர் வேண்டியிருந்ததோ என்ற எண்ணம் வருவதைத் தவிர்க்க முடியவில்லை. அறிமுக நூலுக்கென்றே புடிங் விருது இருக்கும்போது, ஏழெட்டுத் தொகுப்புகளுக்குப் பிறகு தன் மொழியை மாற்றி எழுத முயலும் ஐம்பது வயதுக் கவிஞர் எங்கே போவார்? அவர் இளைஞரும் அல்லர், வாழ்நாள் விருதுக்கு இன்னும் காலமும் ஆகவில்லை. விருது அமைப்புகள் இப்படி இரு முனைகளிலும் குவியும்போது நடுவயதுக் கவிதை இருட்டில் விழுகிறது.

முன்பு அப்படி இல்லை. 2013இல் எஸ்தர் நவோமி பெர்க்வின் வி.எஸ்.பி. விருது பெற்ற ‘சிறைக்கூடச் சோதனைகள்’ அவருடைய மூன்றாவது தொகுப்பு. அவர் முன்பு சிறைக் காவலராக வேலை பார்த்தவர். கைதிகளின் பெயரையும் குரலையும் ஏற்று எழுதிய அந்தக் கவிதைகளில், கதவின் எந்தப் பக்கம் நின்று பேசுகிறார் என்பது வாசகருக்கு வரிக்கு வரி மாறிக்கொண்டே இருக்கும். 2015இல் பெற்ற ஹெஸ்டர் க்னிபெ அப்போது எழுபதை நெருங்கிக்கொண்டிருந்தார். இத்தகைய நூல்களைக் கண்டெடுப்பதற்குத்தான் ஆண்டு விருது வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நெதர்லாந்தில் நாவலுக்கான லிப்ரிஸ் பரிசு 50,000 யூரோ. அதற்குத் தொலைக்காட்சியும் புத்தகக் கடைகளும் தரும் இடத்தில் ஒரு பங்குகூடக் கவிதை விருதுக்குக் கிடைப்பதில்லை. ஆகவே ஒரு விருதால் நூல் எத்தனை பிரதி விற்றது என்று பார்க்காமல், அந்த விருது வேறு என்ன விட்டுச்சென்றது என்று பார்ப்பது பயனளிக்கும். வி.எஸ்.பி. விருதுக்கு வந்த தொகுப்புகள் அனைத்திலிருந்தும் தேர்ந்தெடுத்து ஆண்டுதோறும் ‘நூறு சிறந்த கவிதைகள்’ என்று ஒரு நூல் வந்துகொண்டிருந்தது. என்னைக் கேட்டால், விருது பெற்றவரின் பெயரைவிட அந்த நூலே பெரிய கொடை. வெற்றி பெறாத தொண்ணூற்றுச் சொச்சம் கவிதைகள் அதில்தான் வாசகரைச் சந்தித்தன.

பதில் – கேள்வி எழுப்பிய பொருநை வாசகர்

இவ்வளவு விரிவாக எழுதிய மூவருக்கும் மனமார்ந்த நன்றி. 1985க்குப் பின்னால் ஓர் அமைச்சரின் பிடிவாதம் இருக்கும் என்று நான் எண்ணியும் பார்க்கவில்லை. இரண்டு துணைக்கேள்விகள் இருக்கின்றன. இந்த விருதுகள் நெதர்லாந்தினருக்கு மட்டும்தானா, பெல்ஜியத்திலும் முன்னாள் டச்சுக் குடியேற்ற நாடான சுரினாமிலும் எழுதுபவர்களுக்கும் உண்டா? எங்கள் வட்டத்தில் யாருக்கும் டச்சு தெரியாது. ஆங்கிலத்தில் எவை கிடைக்கும்? வழிப்போக்கன் ஐயாவின் வாதத்தை ஏற்றுக்கொண்டால் நான் வாழ்நாள் விருதின் பக்கமே சாய வேண்டியிருக்கிறது. ஆனால் அதில் முதியவர்கள் மட்டுமே அகப்படுவார்களோ என்ற தயக்கமும் எழுகிறது.

பதில் – நூலகர் சாந்தி

ஆங்கில மொழிபெயர்ப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். 1970இல் தொடங்கிய ரோட்டர்டாம் கவிதை விழாவினர் இணையத்தில் ஒரு பெரிய காப்பகம் வைத்திருக்கிறார்கள். விழாவுக்கு வந்த கவிஞர்களின் கவிதைகள் மூலமும் ஆங்கிலமும் அருகருகே கட்டணமின்றிக் கிடைக்கும். தனி நூலாக வேண்டுமென்றால் கோப்லண்டுக்கு ஜேம்ஸ் பிராக்வே செய்த மொழிபெயர்ப்பும், நாஹும் வைன்பெர்க் என்ற கவிஞருக்கும் ஃபாபியாஸுக்கும் டேவிட் கோல்மர் செய்தவையும் இருக்கின்றன. யூடித் ஹெர்ஸ்பெர்க்கை ஷெர்லி காஃப்மன் மொழிபெயர்த்திருக்கிறார். பழைய பதிப்புகள் சில அச்சில் இல்லாமல் இருக்கலாம். நூலகங்களுக்கு இடையிலான இரவல் முறையில் கேட்டுப் பாருங்கள். வட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு நூலைத் தேடும் பொறுப்பை ஏற்றுக்கொண்டால் வேலை எளிதாகும்.

பதில் – கென்ட் நகரத்தார்

பெல்ஜியத்திலிருந்து எழுதுகிறேன். டச்சு மொழிக்கு ஏறக்குறைய 2.5 கோடிப் பேர் உண்டு. அவர்களில் கால்வாசிக்கும் மேற்பட்டோர் இங்கே ஃபிளாண்டர்ஸில் இருக்கிறார்கள். வி.எஸ்.பி. விருதை முதன்முதலில் பெற்ற கிளாவ்ஸ் ஃபிளாண்டர்ஸ்காரர். 2008இல் பெற்ற லெயோனார்ட் நோலன்ஸும் அப்படியே. 2012இல் பெற்ற யான் லவ்வரெய்ன்ஸ் ஃபிளாண்டர்ஸில் பிறந்து ஜப்பானில் மூளை ஆய்வாளராகப் பணியாற்றியவர். ஆகவே பெரிய விருதுகளுக்கு எல்லைச்சுவர் கிடையாது.

எங்கள் பக்கத்தின் தனி அடையாளம் ஹெர்மன் டி கோனிங்க் விருது. மெஹலன் நகரில் பிறந்த அந்தக் கவிஞர் எளிமையான, பேச்சுக்கு அருகிலான வரிகளால் ஃபிளாண்டர்ஸில் கவிதை வாசகர்களைப் பெருக்கியவர். 1997இல் இலக்கியக் கூட்டமொன்றுக்காக லிஸ்பன் சென்றிருந்தபோது தெருவிலேயே விழுந்து இறந்தார். 2007 முதல் அவர் பெயரால் வழங்கப்படும் விருதில் நடுவர் தேர்வோடு பொதுமக்கள் தேர்வு என்றும் ஒன்று உண்டு. முன்வைக்கப்பட்ட கவிதைகளில் தங்களுக்குப் பிடித்த ஒன்றுக்கு வாசகர்கள் வாக்களிப்பார்கள். அக்கவிதை சுவரொட்டியாக அச்சாகும். அவருக்கு இதைவிடப் பொருத்தமான நினைவு வேறிருக்க முடியாது என்பது என் எண்ணம்.

இரு நாடுகளுக்கும் பொதுவான டச்சு இலக்கியப் பெருவிருது 1956 முதல் மூன்றாண்டுக்கு ஒருமுறை வழங்கப்படுகிறது. அதை ஒருமுறை பெல்ஜிய அரசரும் மறுமுறை நெதர்லாந்து அரச பீடத்தில் இருப்பவரும் வழங்குவது மரபு. 2007இல் உரைநடையாளர் யெரூன் பிரவ்வர்ஸ், ஒரு வாழ்நாள் உழைப்புக்கு 16,000 யூரோ என்பது அவமதிப்பு என்று மறுத்துவிட்டார். அவரைப் பேராசைக்காரர் என்று சிலர் ஏசினார்கள். ஆனால் பின்னர் தொகை 40,000 ஆயிற்று. அந்த உயர்வின் பயனை 2012இல் நோலன்ஸ், 2015இல் ரெம்கோ காம்பெர்ட், 2018இல் யூடித் ஹெர்ஸ்பெர்க் என்று வரிசையாக மூன்று கவிஞர்கள் பெற்றார்கள். மறுத்தவருக்கு ஒரு காசும் வரவில்லை.

சுரினாமைப் பொறுத்தவரை, 2021இல் அதே பெருவிருது அஸ்ட்ரிட் ரூமருக்கு அறிவிக்கப்பட்டது. அந்நாட்டிலிருந்து அதைப் பெறும் முதல் எழுத்தாளர் அவர். ஆனால் கொலை வழக்கில் தண்டனை பெற்ற முன்னாள் அதிபர் டெசி பவ்டர்ஸாவை ஆதரித்து அவர் சமூக ஊடகத்தில் எழுதியவை சர்ச்சையாகி, விருது நிலைத்தாலும் அரசர் பங்கேற்கும் விழா நிறுத்தப்பட்டது. 1984இல் நடந்ததோடு இதை ஒப்பிடுங்கள். இப்போது யாரும் விருதைப் பறிப்பதில்லை, விருந்தை மட்டும் நிறுத்திக்கொள்கிறார்கள். கவிதையில் 2014ஆம் ஆண்டு வி.எஸ்.பி. விருது பெற்ற அந்துவான் டி கோமையும் மறவாதீர்கள். சுரினாமின் விடுதலைக் குரலாக எழுந்து, நாஜி முகாமில் உயிர்விட்ட அன்டன் டி கோமின் பேரர் அவர்.

பதில் – லெய்டன் கயல்

வழிப்போக்கன் ஐயா சொன்ன நடுவயதுக் கவிஞர் பற்றிய கவலை நியாயமானது. மூன்று முதல் தொகுப்புகள் தொடர்ந்து வென்றதை நானும் அப்போது முகம் சுளித்துத்தான் பார்த்தேன். ஆனால் வாழ்நாள் விருது என்றால் எழுதிக் குவித்த முதியவர்கள் மட்டுமே என்று பொருநை வாசகர் தயங்க வேண்டியதில்லை. வசாலிஸ் வெளியிட்டவை மூன்றே மெல்லிய தொகுப்புகள்: 1940, 1947, 1954. அதன்பிறகு அவர் வாழ்ந்தவரை புதிய தொகுப்பே இல்லை. குழந்தைகளுக்கான மனநல மருத்துவராகப் பணியாற்றிக்கொண்டு, கவிதை உலகின் கூட்டங்களிலிருந்து விலகியே வாழ்ந்தார். கடைசித் தொகுப்பு வந்து இருபத்தெட்டு ஆண்டுகளுக்குப் பின் பி.சி. ஹோஃப்ட் விருது அவரைத் தேடி வந்தது. இடைப்பட்ட காலம் முழுவதும் அந்த மூன்று நூல்களும் அச்சில் இருந்துகொண்டே இருந்தன. 2021இல் பெற்ற அல்ஃப்ரெட் ஸ்காஃபர் அப்போது ஐம்பதைக்கூடத் தொடவில்லை. தென்னாப்பிரிக்காவில் கற்பித்துக்கொண்டே எழுதுபவர் அவர்.

ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. வசாலிஸ் மனநல மருத்துவர். கோப்லண்ட் க்ரோனிங்கனில் மனநல மருத்துவப் பேராசிரியர். அந்துவான் டி கோம் நீதிமன்றத்துறை மனநல மருத்துவர். எங்க்விஸ்ட் உளப்பகுப்பாய்வாளர். டச்சுக் கவிதை விருதுகளின் குறுக்கே இந்தத் தொழில் ஓடுவதற்குக் காரணம் என்னவென்று உங்கள் வட்டத்தில் ஒரு மாலை முழுவதும் பேசலாம்.

ஆறு பேர் என்றால் நான் சொல்லும் வரிசை இது: ஆக்டர்பெர்க், வசாலிஸ், கோப்லண்ட், ஹெர்ஸ்பெர்க், ஃபாபியாஸ் ஆகிய ஐவரோடு எலிசபெத் எய்பர்ஸ். கடைசிப் பெயர் சற்று வியப்பளிக்கலாம். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, 1961இல் ஆம்ஸ்டர்டாமுக்கு வந்து, டச்சிலிருந்து பிறந்த ஆஃப்ரிகான்ஸ் மொழியிலேயே இறுதிவரை எழுதியவர் அவர். டச்சு இலக்கியத்தின் உயர்ந்த விருதான பி.சி. ஹோஃப்ட், 1991இல் அவருக்கு வழங்கப்பட்டது. நடுவர்கள் மொழியெல்லையை எவ்வளவு அகலமாக வரைந்தார்கள் என்பதற்கு அந்த ஒரு தேர்வே போதும். நூலகர் சாந்தி அம்மாவின் பட்டியலில் அவர் இல்லாததால் கவலைப்பட வேண்டாம். முதுமையில் அவர் தம் கவிதைகளைத் தாமே ஆங்கிலத்தில் ஆக்கி, ஆஃப்ரிகான்ஸ் மூலத்தோடு சேர்த்து வெளியிட்டிருக்கிறார். உங்கள் வட்டத்துக்கு அந்த இருமொழி நூல்களையே முதலில் தேடிப் பாருங்கள்.